கோடியக்கரையில் பருவம் என்பது உப்புக் கணக்கு

பங்குனி மாதத்து ஒரு காலை, கோடியக்கரை ஊரை ஒட்டிய மணல் மேட்டில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அதன் அடியில் ஊறிய தண்ணீரை ஒரு மூதாட்டி கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு வாய்த் தண்ணீருக்கு மேல் தேறவில்லை. அடுத்த ஊறலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. "ஏன் ஆயா, இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டினா சீக்கிரம் ரொம்புமே?" என்று கேட்டேன். அவர் தலை நிமிராமல், "அள்ளுனா நல்ல தண்ணி தம்பி, தோண்டுனா உப்புத் தண்ணி" என்றார். காவிரிக் கடைமடையில் காடும் சதுப்பும் ஏன் அருகருகே இருக்கின்றன, அவற்றினூடே செல்லும் ஒரே தடம் ஏன் மாதத்துக்கு மாதம் வேறு இடமாகத் தோன்றுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரு வரியில் விடை இருக்கிறது என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.

மலைக்காட்டில் பருவம் மாறுவதை இலையுதிர்வும் துளிர்ப்பும் பனியும் காட்டிக்கொடுக்கும். டெல்டாவின் தென்கிழக்கு மூலையில் அந்த அடையாளங்கள் மிக மங்கலானவை. வெயிலின் அளவு ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை, காடும் பெரும்பாலும் பசுமை மாறாதது. இங்கே மாறுவது தண்ணீரின் உப்பு. மண்ணிலும் கழியிலும் குட்டையிலும் நன்னீர் எவ்வளவு, கடல்நீர் எவ்வளவு என்ற விகிதம் ஆடியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று, வைகாசியில் முற்றிலும் வேறொன்று. எந்தப் பறவை எங்கே நிற்கும், எந்தச் செடி எந்த நிறத்தில் இருக்கும், எந்த வழியில் நடக்க முடியும் என்பதை எல்லாம் அந்த விகிதம்தான் முடிவு செய்கிறது. ஆகவே இந்தத் தடத்தில் நடப்பவர் காலண்டரைவிட நாக்கை நம்பலாம் என்று நான் சொல்வது அத்தனை விளையாட்டான பேச்சன்று.

முதலில் நிலத்தின் கிடப்பைப் பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை, கோடியக்கரையில் ஏறத்தாழச் செங்கோணத்தில் மேற்காகத் திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. இந்த முனையில் அலையும் காற்றும் ஒதுக்கிய மணல், வரிவரியான மேடுகளாகக் கிடக்கிறது. அந்த மேடுகளின் மேல் காடு நிற்கிறது. முனையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை வரை, பாக் நீரிணைக்கு இணையாக, 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் வேதாரண்யம் சதுப்பு நீள்கிறது. அதற்கும் கடலுக்கும் இடையில் இருப்பது ஒரு மணல் திட்டுதான். வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காடு, சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகியவை சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு 2002 ஆகஸ்ட்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குச் சென்ற முதல் ஈரநிலம் இதுவே; அடுத்தவை சேர இருபது ஆண்டுகள் ஆயின.

இனி அந்தக் குழிக்கு வருவோம். மணல் மேட்டில் பெய்யும் மழை ஓடுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. கீழே ஏற்கெனவே மணலை நிறைத்திருப்பது கடல்நீர். கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை விழுக்காடு அளவுக்குக் கனமானது என்பதால், உள்ளே இறங்கிய மழைநீர் அதனோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேல் மிதக்கிறது. மேட்டின் நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெலிந்தும், மூக்குக் கண்ணாடியின் வில்லையைப் போன்ற வடிவில், மண்ணுக்குள் ஒரு நன்னீர்த் தேக்கம் உருவாகிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. ஒடுங்கிய இந்த மேடுகளில், அலையேற்றம் ஒவ்வொரு நாளும் அடியிலிருந்து கலக்கிக்கொண்டிருப்பதால், நடைமுறையில் கிடைக்கும் தடிப்பு அதற்குப் பக்கத்தில்கூட வராது. கணக்கின் மறுபக்கம்தான் முக்கியமானது. மேலே ஒரு சாண் நன்னீரை அவசரமாக இறைத்துவிட்டால், கீழிருந்து உப்புநீர் பல மடங்கு உயர்ந்து வந்துவிடும். அதனால்தான் அந்த ஆயா தோண்டவில்லை, அள்ளினார். வேதாரண்யம் வட்டாரத்தில் ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், குரவப்புலம் என்று 'புலம்' என முடியும் ஊர்களின் மணல் கொல்லைகளில், ஆழமற்ற குட்டை வெட்டி, குடத்தில் மொண்டு புகையிலைக்கும் முல்லைக்கும் நீர் வார்த்த பழக்கமும் இதே அறிவின் வழி வந்தது.

காட்டைத் தாங்கி நிற்பதும் இந்த நன்னீர் வில்லைதான். தடத்தின் உயர்ந்த இடமான ராமர் பாதம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர் உயரம். வேறு ஊரில் அதை மேடு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த 4 மீட்டருக்குள் உலர்பசுமைக்காடு என்று தாவரவியலார் அழைக்கும் ஒரு முழுக் காடு அடங்கியிருக்கிறது. மழை ஆண்டில் மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் வறட்சியும் உப்புக் காற்றும்தான். அப்படியும் இலையை உதிர்க்காத மரங்கள் இங்கே நிற்கின்றன. முதன்மையானது பாலை; முறுகிய தண்டும் தடித்த சிற்றிலையும் கொண்ட அந்த மரத்தின் தலை, கடற்காற்றுப் பட்டுச் சீவிவிட்டதுபோல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நாவல், காரை, சூரை, உகாய், சிற்றீச்சு ஆகியவை அதன் அடியிலும் அருகிலும் பின்னிக் கிடக்கின்றன. இந்தக் காடு எப்போது தோன்றியது என்று தேட வேண்டியதில்லை; வேதாரண்யத்தின் பழைய பெயரே மறைக்காடு. கோடியக்கரைக் கோயிலின் சிவனான கோடிக்குழகரைப் பாட வந்த சுந்தரர், கடற்காற்று மோதும் கரையில் துணையின்றி இருப்பானேன், ஊருக்கு அருகில் இருந்தால் என்ன குற்றம் என்று இறைவனையே கேட்கிறார். பொந்துகளில் ஆந்தையும் கூகையும் அலறும் இடம் என்றும் சொல்கிறார். ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன்னரும் இங்கு வந்தவர்களுக்கு முதலில் உறைத்தது காடும் காற்றும்தான் என்று தெரிகிறது.

மேட்டிலிருந்து இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் காடு சட்டென்று முடிந்துவிடுகிறது. இறக்கம் ஒன்றிரண்டு மீட்டர்கூட இராது; ஆனால் அந்த இறக்கத்தில் வில்லையின் மெல்லிய விளிம்பு தீர்ந்து உப்பு மண் மேலே வந்துவிடும். முதலில் புல்வெளி, அதில் வெளிமான்கள், பிறகு உமரி, பிறகு எதுவுமே முளைக்காத சேற்றுத்தரை. உமரி ஒரு சாண் உயரச் செடி. இலை என்று சொல்வதைவிட, பச்சை நிறத்தில் நீர் கட்டிய மணிகள் என்று சொல்லலாம். ஒன்றைக் கிள்ளி மென்றால் உப்புப் போட்டு ஊறவைத்த கீரையைப் போல் இருக்கும். உறிஞ்சிய உப்பை வெளியே தள்ள வழியில்லாத அந்தச் செடி, இலைக்குள் தண்ணீரைச் சேர்த்து அதை நீர்த்துவைக்கிறது. மழைக்காலத்தில் பச்சையாக இருக்கும் உமரி, மண்ணில் உப்பு ஏற ஏறச் சிவந்து, சித்திரையில் சேற்றுத்தரை முழுவதும் செம்மண் கொட்டியது போல் ஆகிவிடும். பருவத்தை நிறத்தால் காட்டும் ஒன்று இந்தத் தடத்தில் உண்டென்றால் அது இதுதான்.

கடைமடையின் ஆண்டுக்குத் தொடக்கம் எது என்பதில் பழைய ஏட்டுக்கும் நடைமுறைக்கும் வேறுபாடு உண்டு. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்பது இலக்கண வகுப்பு. ஆனால் அந்த மாதங்களில் கோடியக்கரையில் கார் மேகத்தைப் பார்ப்பதைவிட மேல்காற்றில் பறக்கும் மணலைப் பார்ப்பதே மிகுதி. அப்போது டெல்டாவுக்கு வரும் நீர் வானத்திலிருந்து நேரடியாக வருவதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழையாகப் பெய்து, காவிரியில் திரண்டு, மேட்டூரில் தேங்கி வருவது. மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. மூன்று நான்கு நாள் கழித்துக் கல்லணை திறக்கும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது வாரக்கணக்கில் பிந்தும், முறை வைத்துப் பாய்ச்சினால் அதற்கும் பிந்தும். ஆகவே டெல்டாவின் உட்பகுதியில் பருவம் முன்னதாகவே மாறிவிடுகிறது. தஞ்சாவூர் மன்னார்குடி சாலையில் உள்ள வடுவூர் ஏரியும், திருத்துறைப்பூண்டிக்கு அண்மையில் உள்ள உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் ஆற்று நீரால் நிரம்பும் பாசன ஏரிகள். இரண்டும் பறவைகள் சரணாலயங்கள், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. கோடையில் வெடித்துக் கிடந்த ஏரித்தரையில் ஆவணியில் தண்ணீர் ஏறியதும், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டத் தொடங்கும். நத்தைகுத்தி நாரைக்கு ஏரி வெறும் வீடுதான்; அடுப்படி சுற்றிலும் இருக்கும் நெல்வயல். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் நத்தை பெருகும் காலமும் குஞ்சு வாய் திறக்கும் காலமும் ஒன்றாக அமைகின்றன. மேட்டூர் மதகு பிந்தினால் வயலும் பிந்தும், கூடும் பிந்தும்.

கோடியக்கரை அந்த வரிசையில் கடைசி. இங்கே உண்மையான திருப்பம் ஐப்பசியில், காற்று வாடையாகத் திரும்பும்போதுதான். முதல் இரண்டு மழை மணலுக்குள் போய்விடும். தடத்தில் எந்த மாற்றமும் தெரியாது. மூன்றாவது நான்காவது மழைக்குப் பிறகு, மேடுகளுக்கு இடையில் உள்ள பள்ளங்களில் தண்ணீர் மேலே தேங்கத் தொடங்கும். அது வானத்திலிருந்து விழுந்து தேங்கியது மட்டுமன்று. கீழே வில்லை பருத்து, நிலத்தின் மட்டத்துக்கு எட்டிவிட்டது என்பதற்கும் அடையாளம். அந்தத் தண்ணீரில் தவளைச் சத்தம் எழும் இரவே இங்கு ஆண்டுத் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாரங்களில் நடை கடினம். மணல் மேட்டில் தடம் இறுகி, வேனிலைவிட எளிதாக இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் செருப்பு சேற்றிலேயே தங்கிவிடும். காட்டுத் துறை உதவியாளரோ உள்ளூர்க்காரரோ துணையில்லாமல் சதுப்பு ஓரம் போவது எந்த மாதத்திலும் கூடாது. மேலே காய்ந்து பொருக்குக் கட்டிய தரையின் அடியில் தொடை ஆழச் சேறு இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

மழையோடு பறவைகள் வருகின்றன என்று பொதுவாகச் சொல்வோம். காட்டுக்கும் சதுப்புக்கும் வருபவை வேறுவேறு. காட்டுக்குள் வருவதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆறுமணிக்குருவி. காலை ஆறு மணி, மாலை ஆறு மணி அளவில் கூவுவதால் அந்தப் பெயர். வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்து, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவு நேரத்தில் பறந்து வருவது. கடலைக் கடக்கும் முன் கடைசியாகக் கிடைக்கும் மரநிழல் கோடியக்கரை என்பதால், ஐப்பசியில் பாலை மரத்தடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்ப்பது அரிதன்று. பச்சை முதுகும் மஞ்சள் பழுப்பு வயிறும் வால் அடியில் சிவப்புமாக இருந்தாலும், அசையாமல் நின்றால் சருகோடு சருகாகிவிடும். முந்தைய இரவு முழுவதும் பறந்த களைப்பில் அது சில வேளைகளில் மனிதரைக் கண்டும் விலகாது. நாம்தான் விலக வேண்டும்.

சதுப்புக்கு வருபவற்றைப் புரிந்துகொள்ள ஓர் அளவுகோல் போதும், அது சென்டிமீட்டர். கார்த்திகையில் முனியப்பன் ஏரியும் அதைச் சுற்றிய தாழ்வுகளும் நிரம்பி நிற்கும்போது, பறவை மிகுந்திருக்கும் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். தண்ணீர் ஆழமாக இருந்தால் நீந்தும் வாத்துகளுக்கும் கூழைக்கடாவுக்கும் மட்டுமே இடம். நின்று மேயும் பறவைக்கு அதன் கால் நீளமே எல்லை. மழை ஓய்ந்து, மார்கழி இறுதியிலிருந்து தண்ணீர் வற்றத் தொடங்கும்போது, ஆழமற்ற ஓரம் ஒரு பட்டையைப் போல நாளுக்கு நாள் உள்நோக்கி நகர்கிறது. அந்தப் பட்டைக்குள்ளேயே ஓர் அடுக்கு உண்டு. முழங்கால் மறையும் நீரில் பூநாரையும் கரண்டிவாயனும் மஞ்சள்மூக்கு நாரையும். கணுக்கால் நீரில் நெடுங்கால் உள்ளானும் பச்சைக்காலியும். இரண்டு மூன்று விரல் தடிப்பு நீரில் வளைமூக்கு உள்ளான். நீர் வடிந்து பளபளக்கும் ஈரச் சேற்றில் கொசு உள்ளான். மூக்கின் நீளமும் இதே போல் பகுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அரைச் சாணுக்கு மேல் நீண்டு வளைந்த மூக்கை உடைய பெரிய கோட்டான் (ஊரில் ஆந்தையைச் சொல்லும் கோட்டான் வேறு) சேற்றின் ஆழத்தில் உள்ள புழுவை இழுக்கிறது. ஓர் அங்குலம்கூட இல்லாத மூக்கை உடைய கொசு உள்ளான் மேல்தோலில் உள்ளதைக் கொத்துகிறது. ஆயிரக்கணக்கானவை ஒரே சேற்றில் சண்டையின்றி மேய்வதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கொசு உள்ளானைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லும் முதல் வியப்பு அதன் எடை. 25 கிராம் சுமாருக்கு இருக்கும். ஓர் எலுமிச்சம்பழத்தைவிடக் குறைவு. வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில் முட்டையிட்டு, மத்திய ஆசிய வலசைப் பாதை வழியாக இங்கே வந்து, சித்திரைக்குள் மீண்டும் கிளம்ப வேண்டியது அது. கிளம்புவதற்கு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். மாசி பங்குனியில் அந்தச் சேறு ஈரமாக இருந்தால்தான் அது நடக்கும். 1980களில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி விடுவித்து நடத்திய நீண்ட ஆய்வுதான், கோடியக்கரையின் பெயரை உலகப் பறவையியல் வரைபடத்தில் எழுதியது. அலகின் நுனி கரண்டி போல் விரிந்த கரண்டிமூக்கு உள்ளான் என்ற மிக அரிய பறவையும் அந்தக் காலத்தில் இங்கே பதிவாகியிருக்கிறது.

பூநாரைக்கு உப்பு ஒரு தடையாக இல்லை, அழைப்பிதழாக இருக்கிறது. குஜராத்தின் கட்ச் ரண் உப்புச் சதுப்பில் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை, தலையைக் கவிழ்த்து, மேல்மூக்குக் கீழாக இருக்கும்படி நீரில் வைத்து, நாக்கைப் பிஸ்டன் போல் இயக்கித் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். மூக்கின் ஓரத்தில் உள்ள சீப்பு போன்ற அமைப்பில் சிற்றிறாலும் பாசியும் தங்கிவிடும். மீன் வாழ முடியாத அளவுக்கு உப்பேறிய நீரில் அந்தச் சிற்றிறால் பெருகுவதால், போட்டியில்லாத மேய்ச்சல் கிடைக்கிறது. மழை மிகுந்து சதுப்பு நன்னீராகக் கிடக்கும் ஆண்டில் பூநாரை குறைவதும், வாத்து கூடுவதும் உண்டு. செய்தித்தாளில் 'பூநாரை வரத்து குறைவு' என்று படிக்கும்போது, அந்த ஆண்டு எவ்வளவு மழை என்ற வரியையும் சேர்த்துப் படிக்காவிட்டால் பாதிச் செய்திதான் கிடைக்கும்.

மாசி, பங்குனியில் தடத்தின் கடல்பக்கம் முந்திக்கொள்கிறது. ஆலிவ் ரிட்லி என்று அறிவியலார் அழைக்கும் கடலாமைக்கு நம் கரையில் வழங்கும் பெயர் பங்குனி ஆமை. பெயரிலேயே மாதம் இருக்கிறது. இரவில் மணலில் ஏறி முட்டையிட்டுத் திரும்பும் அதன் தடம், டிராக்டர் சக்கரம் போனது போல் இரு பக்கமும் பதிந்திருக்கும். நாயும் நரியும் தோண்டிவிடும் என்பதால் வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, ஒன்றரை இரண்டு மாதத்தில் குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறார்கள். இதே மாதங்களில்தான் அக்டோபரில் தொடங்கிய மீன்பிடிப் பருவமும் முடிவை நெருங்குகிறது. வெளியூர் மீனவர்கள் கரையில் போட்ட கீற்றுக் குடிசைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும்.

சித்திரை பிறந்தால் சதுப்பு உப்பளமாகிறது. தூத்துக்குடிக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு மிகுதியாக விளைவது வேதாரண்யத்தில். அளத்தில் வேலை செய்பவர்கள் நீரின் உப்பை 'டிகிரி' என்று அளப்பார்கள். மிதவைக் குழாயைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால், கடல்நீர் 3 டிகிரி சுமார் காட்டும். அதைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றிக் காயவிட்டு, 25 டிகிரியை எட்டும்போது அடியில் உப்புப் பூக்கத் தொடங்கும். அதற்கும் மேலே விட்டால் கசப்பு உப்பு கலந்துவிடும் என்பதால், மிஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள். அளத்தில் மனிதர் வகுத்துச் செய்வதை, பள்ளங்களில் வெயில் தானாகவே செய்துவிடுகிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் புறப்பட்டு, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்து, 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்தார்கள். அந்த நடை வேறு மாதத்தில் நடந்திருந்தால், கையில் அள்ள உப்பு இருந்திருக்காது என்பதை வரலாற்று நூல்களைவிட அளக்காரர்கள் உடனே சொல்வார்கள்.

அதே வெயிலில் காட்டுக்குள் பாலைப்பழம் பழுக்கும். வேப்பம்பழ அளவில், மஞ்சளாக, இரண்டு விரலால் அழுத்தினால் பால் பிசுபிசுக்கும் பழம். நாலைந்து தின்றதும் உதடு ஒட்டிக்கொள்ளும். வேதாரண்யம் கடைத்தெருவில் படி போட்டு விற்பதைக் கோடையில் பார்க்கலாம். காட்டுக்குள் அதை உண்ணக் குரங்கும் நரியும் பறவையும் காத்திருக்கின்றன. பழத்தின் இனிப்பு ஒருபுறம் இருக்க, குடிநீர் தீர்ந்துபோவது இந்த மாதங்களில்தான். வில்லை மெலிந்து, பள்ளங்கள் வற்றி, எஞ்சிய குட்டைகள் உவர்ப்பாகிவிடும். முறுகிய கொம்பும் கரிய முதுகும் கொண்ட ஆண் வெளிமான், வனத்துறை லாரியில் கொண்டுவந்து நிரப்பும் சிமெண்டுத் தொட்டியில் குனிந்து குடிக்கும் காட்சி, அழகானதுதான் என்றாலும் நிறைவு தருவதன்று. காட்டில் திரியும் மட்டக் குதிரைகளும் அதே தொட்டிக்கும் அதே புல்லுக்கும் வருகின்றன.

உப்புக் கணக்கில் மனிதர் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை அறிய மேற்கே முத்துப்பேட்டைக்குப் போக வேண்டும். பாமினியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு முதலான காவிரிக் கிளைகள் இங்கே காயலில் விழுகின்றன. சுற்றிலும் அலையாத்திக் காடு; காயலும் சேற்றுத்தரையும் சேர்த்துச் சுமார் 12,000 ஹெக்டேர். காட்டில் ஆகப் பெரும்பகுதி வெண்கண்டல் என்ற ஒரே மரம். அதன் இலையின் மேல் விரலை இழுத்து நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன, உச்சி வெயிலில் படிகமாகவே மின்னும். சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல் எழுந்து நிற்பவை மூச்சு வேர்கள். இத்தனை ஏற்பாடு இருந்தும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெள்ளையர் ஆட்சி விறகுக்காக இக்காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தது. வெட்டினால் மறுபடி முளைக்கும் என்பது அவர்கள் கணக்கு. நடந்தது வேறு. நிழல் போன தரையில் வெயில் பட்டு, சேறு காய்ந்து சுருங்கித் தாழ்ந்து, தரை தொட்டி வடிவமானது. அலையேற்றத்தில் உள்ளே வந்த நீர் திரும்ப முடியாமல் தேங்கிக் காய்ந்தது. ஒவ்வொரு முறையும் உப்பு மட்டும் மிஞ்சியது. வெண்கண்டலின் விதைக்கும் தாங்காத உப்பு. பல பத்தாண்டுகள் அந்தத் தொட்டிகள் வெறுமையாகவே கிடந்தன.

1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் செய்த மாற்றம், கேட்பதற்கு மிகச் சிறியது: வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள், மீன் முள்ளைப் போல. அலையோடு நீர் உள்ளே வந்து அலையோடு வெளியேறியதும், தேங்கிய உப்பு கரைந்து போய், நட்ட விதைகள் நின்றன. முத்துப்பேட்டை மீனவர்கள் காலங்காலமாகக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடித்து வந்தவர்கள். அந்த வாய்க்கால் ஓரங்களில் மட்டும் மரம் தழைத்திருந்ததைக் கவனித்ததே இந்த முறைக்கு வழி காட்டியது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இன்று படகில் போகும்போது, கரையோரத்து மரங்களின் நடுவே நேர்கோட்டில் உள்ளே ஓடும் நீர்ப்பாதைகளைக் கண்டால், அவை இயற்கையானவை அல்ல என்று புரிந்துகொள்ளலாம்.

கோடியக்கரையின் இப்போதைய சிக்கல் அத்தனை எளிய வெட்டில் தீராதது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்த கஜா புயல், பாலை மரங்களை வேரோடு சாய்த்தும், நின்றவற்றின் இலைகளை உருவியும் போட்டது. மான்களும் ஏராளமாக மடிந்தன. இப்படித் திறந்த இடத்தில் முதலில் முளைப்பது சீமைக் கருவேலம். அதன் இனிப்பான காய்களைக் குதிரையும் மாடும் மானும் தின்று, விதைகளைச் சாணத்தில் எருவோடு சேர்த்தே விதைத்துவிடுகின்றன. ஆழ வேர்விட்டு வில்லையின் நீரைக் குடிக்கும் மரம் அது. புல்வெளி மூடினால் வெளிமானுக்கு ஓடவும் பார்க்கவும் வெளி இல்லாமல் போகும். வனத்துறை அதை அகற்றிவருகிறது என்றாலும், காய் தின்னும் விலங்குகள் இருக்கும் வரை அது ஒரு தடவை செய்து முடிக்கும் வேலையாக இராது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. மேலே அணைகள் பெருகி, கடைமடையில் வயலுக்கே நீர் போதாத ஆண்டுகளில், சதுப்புக்கு என்று எஞ்சி வரும் ஆற்று நீர் சுருங்குகிறது. கடலில் சேர்ந்த தண்ணீரை வீண் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த வீணான தண்ணீர்தான் முகத்துவாரத்தில் உப்பைத் தணித்து, இறாலும் மடவை மீனும் குஞ்சாக வளரவும் வெண்கண்டல் விதை வேர்பிடிக்கவும் ஒரு மூன்று மாத இடைவெளியை உண்டாக்குகிறது. மழைக்காலத்தை ஒட்டி அம்மரம் விதை உதிர்ப்பது தற்செயலாக இருக்க முடியாது.

அந்த இடைவெளி திறப்பதைப் பார்க்க விரும்புகிறவர் காட்டுத் தடத்தோடு நிற்காமல், கார்த்திகை மழை விட்ட ஒரு நாளில் கடைமடை இயக்கு அணை ஒன்றுக்கு வரலாம். உப்புநீர் வயலுக்கு ஏறாமல் தடுக்க ஆறு முடியும் இடத்தில் கட்டிய ஷட்டர்கள் அவை. நான் போன நாளில் ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள். மேல்பக்கம் வண்டல் கலந்த செந்நீர், கீழ்ப்பக்கம் கழியின் கரும்பச்சை. நடுவே நுரை கட்டிய ஒரு கோடு மெல்லக் கடல்பக்கம் தள்ளிக்கொண்டே போனது. அந்தக் கோட்டில் ஆலாப் பறவைகள் பாய்ந்து பாய்ந்து மீன் எடுத்தன. வீச்சுவலையோடு இடுப்பளவு நீரில் நின்ற ஒருவர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கரையில் இருந்த மகனிடம், "இன்னும் ரெண்டு நாள்ல நல்ல தண்ணி ஆயிரும்டா, அப்பறம் இங்க மடவை நிக்காது, கீழ போயிரலாம்" என்றார்.